ஒரே எழுத்து, வேறு வேறு பிறப்பு: கதை முதல் காசு வரை

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையில் சிறுவர்களுக்கான மகாபாரதப் புத்தகம் ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவள், கடைசிப் போர் வந்ததும் நின்றுவிட்டாள். "பீமன் கதையை ஓங்கித் துரியோதனன் தொடையில் அடித்தான்" என்று அச்சிட்டிருந்தது. "மாமா, கதையால எப்படி அடிக்க முடியும்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பாட்டி சொல்லும் கதைக்கும் பீமன் தூக்கும் கதைக்கும் எழுத்தில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. ஆனால் அது ஒரு சொல்லின் இரண்டு பொருள் அல்ல. பிறப்பிலேயே வேறான இரண்டு சொற்கள், தமிழ் எழுத்துக்குள் வந்ததும் ஒரே உருவம் எடுத்துக்கொண்டன. இதை அவளுக்குச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. பெரியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கைப்பேசியில் அடிக்கடி வரும் செய்திகளைப் பாருங்கள். 'கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து வந்தது.' 'கொரிய மொழியிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆகவே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது.' எதிர்ப்பக்கத்திலும் இதே அவசரம் உண்டு. வடமொழி அகராதியில் அதே மாதிரி ஒரு சொல் இருந்தால் போதும், தமிழ்ச் சொல்லையும் அதன் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டு தரப்பும் எழுத்தை மட்டும் பார்த்துப் பிறப்பை முடிவு செய்கின்றன. எழுத்து அந்தத் தகவலைச் சொல்லாது. ஏன் சொல்லாது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு முருகன்கள்

ஒரு வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவார். கே. முருகன், எஸ். முருகன். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அவர்களை அண்ணன் தம்பி என்று யாரும் நினைப்பதில்லை. அப்பா வேறு, வீடு வேறு, பெயர் மட்டும் ஒன்று.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேர். ஒருவர் மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஒருவர் திருவனந்தபுரத்தில் வாத்தியார், ஒருவர் ஹைதராபாத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறார். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் உடுப்பு, பேச்சு, தொழில் எல்லாம் வேறு. ஆனால் இனிஷியல் ஒன்றுதான்.

சொற்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. எழுத்து ஒன்றாக இருந்து பிறப்பு வேறாக இருக்கும் சொற்களை இந்தக் கட்டுரையில் ஒப்பெழுத்துச் சொற்கள் என்கிறேன். இரண்டாவது வகை, ஒரே மூலச் சொல் பல மொழிகளுக்குப் போய் வேறு வேறு பொருள் எடுத்துக்கொள்வது. அவற்றைக் கிளைச்சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மொழி இன்னொரு மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல் கடன்சொல். ஒரு சொல் எங்கே பிறந்து எந்த வழியாக வந்தது என்று ஆராயும் துறை சொற்பிறப்பியல். இந்த நான்கு பெயர்களும் போதும்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் 'பலபொருள் ஒருசொல்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. வினையைக் கொண்டு பொருள் தெரிவது ஒரு வகை, வினையைக் கொண்டும் தெரியாதது இன்னொரு வகை என்று அதை இரண்டாகவும் பிரிக்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. 'மா விழுந்தது' என்றால்? இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் கேட்ட கேள்வி, கேட்பவனுக்குப் பொருள் எப்படிப் புரிகிறது என்பது. சொல் எங்கே பிறந்தது என்ற கேள்விக்குள் அவர் இங்கே போகவில்லை.

திவாகரம் போன்ற நிகண்டுகளிலும் 'ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்று தனிப் பகுதி உண்டு. மனப்பாடம் செய்வதற்காகக் கட்டப்பட்ட நூல்கள் அவை. ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் உண்டோ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும். எந்தப் பொருள் எந்தப் பிறப்புக்குச் சொந்தம் என்று பிரிக்காது. அந்தப் பிரிப்பைப் பெரிய அளவில் செய்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் ஒரே எழுத்துள்ள சொல்லுக்குப் பிறப்பு வேறு என்று கருதினால் தலைமேல் 1, 2, 3 என்று சிறு எண் போட்டுத் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். வாத்தியார் போட்ட இனிஷியல் மாதிரிதான் அந்தச் சிறு எண்ணும்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எழுத்து ஒத்துப்போவது பெயர் ஒத்துப்போவதைப் போன்றது. உறவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஒரே வாசலில் நுழைந்தவர்கள்

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வருவோம். வேறு வேறு சொற்கள் எப்படி ஒரே எழுத்தில் வந்து முடிகின்றன?

'பாம்பு' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் 'பா' வன்மையாக ஒலிக்கிறது. கடைசியில் வரும் 'பு' மெல்லினத்துக்குப் பின் வருவதால் மென்மையாக ஒலிக்கிறது. ஒரே சொல்லுக்குள் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. 'தந்தம்', 'கங்கு' எல்லாமே இப்படித்தான். சொல்லின் முதலில் வந்தால் வன்மை, மெல்லினத்தை அடுத்து வந்தால் மென்மை. ஒலியை இடமே தீர்மானிக்கிறது என்பதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. இதைத் தமிழ் எழுத்தின் குறை என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் சொற்களை எழுத எத்தனை எழுத்து வேண்டுமோ அத்தனை வைத்துக்கொண்ட கச்சிதமான ஏற்பாடு அது.

சிக்கல் வெளியிலிருந்து சொல் வரும்போதுதான் தொடங்குகிறது. வடமொழியில் நம் 'ப' இருக்கும் இடத்தில் நான்கு எழுத்து உண்டு: வன்மையானது, அதையே மூச்சோடு சொல்வது, மென்மையானது, அதையும் மூச்சோடு சொல்வது. நான்கில் எது சொல்லின் முதலில் வந்தாலும் தமிழில் அதற்கு ஒரே வாசல், 'ப'.

'பலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பலம் இல்லை என்கிறோமே, அது வடமொழியில் மென்மையான ஒலியோடு தொடங்கும் சொல். ஒரு பலம் சுக்கு, இரண்டு பலம் மிளகு என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்பார்களே, அது வன்மையான ஒலியோடு தொடங்கும் ஓர் எடையின் பெயர். பழைய கணக்கில் 3 தோலா ஒரு பலம், இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம். மூன்றாவதாக ஒன்று உண்டு. கனி என்று பொருள்படும், மூச்சோடு சொல்லும் ஒலியில் தொடங்கும் சொல். 'ராசி பலன்' என்பதில் இருக்கும் பலன் இதன் உறவு. விளைவு என்பதும் ஒரு வகையில் கனிதானே. வடமொழியில் இந்த மூன்றையும் மூன்று விதமாக எழுதுவார்கள், யாருக்கும் குழப்பம் வராது. தமிழில் மூன்றும் 'பலம்'.

இதனால் வரும் தவறான விளக்கம் ஒன்றைச் சொல்கிறேன். திரிபலா சூரணம் தெரியும் அல்லவா? மூன்று மடங்கு பலம் தரும், அதனால்தான் அந்தப் பெயர் என்று விளக்குபவர்கள் உண்டு. அதில் இருப்பது கனியைக் குறிக்கும் சொல். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்று காய்கள் சேர்ந்ததால் திரிபலா. எழுத்தை மட்டும் பார்த்தவருக்கு வலிமை தெரிந்தது, சொல்லைப் பார்த்தால் காய்கள் தெரிகின்றன.

'பாவம்' இன்னும் அழகான உதாரணம். பாவ புண்ணியம் என்பதில் வருவது ஒரு சொல். நாட்டியக் கலைஞரின் முகத்தில் பாவம் நன்றாக இருந்தது என்பதில் வருவது வேறு சொல். முதல் சொல்லில் இடையில் இருந்த 'ப' தேய்ந்து 'வ' ஆனது. 'பாபம்' என்ற பழைய வடிவத்தை இன்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டாவது சொல்லில் தொடக்கத்திலிருந்தே 'வ' உண்டு, முதல் எழுத்துதான் மென்மையானது. ஒன்று நடுவில் மாறியது, மற்றொன்று முதலில் மாறியது, கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. பேசும்போது இன்னும் வேறுபடுத்திச் சொல்கிறோம். காகிதத்தில் வேறுபாடு போய்விடுகிறது.

இப்போது பீமனுக்குத் திரும்பலாம். கதை சொல்லும் கதைக்கு மூலம் வன்மையான 'க'வில் தொடங்குகிறது, ஆயுதத்தின் மூலம் மென்மையான 'க'வில் தொடங்குகிறது. இரண்டாவது எழுத்தும் வடமொழியில் வேறு வேறு. தமிழில் இரண்டு சொல்லிலும் முதல் எழுத்து 'க' ஆயிற்று, இரண்டாவது எழுத்து 'த' ஆயிற்று. வடமொழியில் 'ஆ'வில் முடியும் சொற்கள் தமிழில் 'ஐ'யில் முடிவது வழக்கம். சபா சபை ஆனது போல. இரண்டு இடத்திலும் வேறுபாடு கரைந்து, முடிவும் 'ஐ' ஆனதும் மிஞ்சியது 'கதை'. குழப்பம் வேண்டாம் என்றுதான் பலர் 'கதாயுதம்' என்று நீட்டி எழுதுகிறார்கள். என் அக்கா மகள் கையில் இருந்த புத்தகத்தை எழுதியவர் அப்படிச் செய்திருந்தால் அவள் நின்றிருக்க மாட்டாள். எனக்கும் இதை யோசிக்கும் வாய்ப்பு கிடைத்திருக்காது.

எந்த எழுத்து முறைக்கும் இது நடக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். 'ல'வையும் 'ள'வையும் பிரிக்க அந்த எழுத்தில் வழி இல்லை. கடன் வாங்கும் சொல்லின் ஒலிகளைவிட வாங்கும் எழுத்துக்கு வாசல்கள் குறைவாக இருந்தால், வேறு வேறு சொற்கள் ஒன்றாகத் தெரியும். ஒப்பெழுத்துச் சொற்கள் உருவாகும் முதன்மையான வழி இது.

வயலில் ஒரு சாவி, பூட்டில் ஒரு சாவி

எல்லாம் வடமொழியால் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 'இந்த வருஷம் பாதி நெல் சாவி' என்று விவசாயிகள் சொல்வார்கள். மணி பிடிக்காமல் பதராகப் போன நெல். 'சா' என்ற வினையோடு தொடர்புடைய நம் சொல். பூட்டைத் திறக்கும் சாவி போர்த்துகீசியச் சொல். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்குப் பிறகு நம் கடற்கரைகளில் புழங்கிய மொழி அது. அதற்கு முன் நம்மிடம் திறவுகோல் இருந்தது, இன்றும் நூல்களில் இருக்கிறது. ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அதே மொழியிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் கூட்டமாக வந்து இறங்கியிருக்கின்றன பாருங்கள். சொற்கள் பெரும்பாலும் இப்படித் துணையோடுதான் வரும்.

வயல் சாவிக்கும் பூட்டுச் சாவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவை ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு முருகன்கள்.

அவசரமாக ஹைதராபாத் போனால்

இனி கிளைச்சொற்கள். இங்கே நிலைமை தலைகீழ். மூலம் ஒன்று, பொருள் பல.

தமிழில் அவசரம் என்றால் விரைவு, பரபரப்பு. கன்னடத்திலும் அப்படித்தான். ஹைதராபாத்தில் ஒரு கடைக்காரர் 'அவசரம் லேது' என்றால் 'பொறுமையாக வாருங்கள்' என்று அர்த்தம் இல்லை. 'தேவையில்லை' என்று அர்த்தம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மலையாளத்தில் ஒருவர் 'எனக்கு ஒரு அவசரம் தரணும்' என்றால் வாய்ப்புக் கேட்கிறார். இந்தியிலும் வாய்ப்புதான். சிங்களத்தில் 'அவசர' என்பது அனுமதி.

இத்தனைக்கும் மூலம் வடமொழியில் தக்க நேரம், சந்தர்ப்பம் என்று பொருள்படும் ஒரே சொல். அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிரிந்த பாதை தெரிகிறது. சந்தர்ப்பம் கிடைத்தது என்பது வாய்ப்பு. சந்தர்ப்பம் தாருங்கள் என்பது அனுமதி கேட்பது. ஒன்றுக்கான நேரம் வந்துவிட்டது என்பது தேவை. நேரம் வந்துவிட்டது, தாமதிக்க முடியாது என்பது அவசரம். ஒவ்வொரு மொழியும் அந்தச் சொல்லின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே மையமாக்கிவிட்டது. இவ்வளவு தெளிவாக வழித்தடம் தெரியும் சொற்கள் அதிகம் இல்லை, அதனால் எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

சம்சாரம் இன்னொன்று. வடமொழியில் பிறவிச் சுழல், உலக வாழ்க்கை. இந்தியில் உலகம். தெலுங்கில் குடும்பம். தமிழில் குடும்பம் என்பதோடு மனைவி என்றும் ஆயிற்று. மலையாளத்தில் பேச்சு! 'நமுக்கு சம்சாரிக்காம்' என்று ஒரு மலையாளி சொன்னால் பேசலாம் வா என்கிறார். ராஜிநாமா பாரசீகத்திலிருந்து வந்தது. 'சம்மதப் பத்திரம்' என்பது அதன் நேர்ப்பொருள். இந்தியில் அது சமரச ஒப்பந்தம், நமக்கு வேலையை விடும் கடிதம்.

கடன்சொற்களில் மட்டும் இது நடப்பதில்லை. சொந்தக் குடும்பத்துக்குள்ளும் நடக்கும். வெள்ளம் என்றால் நமக்குக் கரை உடைத்து வருவது, கேரளத்தில் குடிக்கிற தண்ணீர். பறை என்றால் நமக்குத் தோற்கருவி, மலையாளத்தில் 'சொல்' என்ற ஏவல். பழந்தமிழில் பறைதல் என்றால் சொல்லுதல் என்ற பொருளும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பேசிக்கொண்டிருப்பதை இன்றும் பறைதல் என்பார்கள். கருவியும் செய்தியை ஊருக்குச் சொல்வதுதானே.

ஆக, எழுத்து ஒத்து, பொருள் முழுவதும் வேறாக இருந்தும் பிறப்பு ஒன்றாக இருக்க முடியும். பொருள் தூரமாக இருப்பதால் மட்டும் உறவை மறுக்கவும் முடியாது.

வெறும் தற்செயல்

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கடன் இல்லை, உறவும் இல்லை, ஆனால் எழுத்தும் ஒத்துப்போகும், பொருளும் ஒத்துப்போகும். அதெப்படி என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பதில் இருக்கிறது.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே பழங்குடி மக்கள் பேசிய ம்பபரம் என்ற மொழியில் நாய்க்கு 'டாக்' என்று பெயர். ஆங்கிலத்தில் சொல்வதைப் போலவேதான். 1960களில் அந்த மொழியைப் பதிவு செய்த மொழியியலாளர் டிக்ஸன் இது ஆங்கிலக் கடன்சொல்லோ என்றுதான் சந்தேகப்பட முடிந்தது. ஆனால் பக்கத்து மொழிகளைப் பார்த்தால் நாய்க்கு 'குடகா' என்ற மாதிரிச் சொல் இருக்கிறது. ம்பபரம் மொழியில் பழைய சொற்களின் முன்பகுதி தேய்ந்துபோவது ஒரு சீரான வழக்கம். அந்த வழக்கப்படி குடகா தேய்ந்தால் 'டாக்' தான் வரும். ஆங்கிலேயர் காலே வைத்திராவிட்டாலும் அந்தச் சொல் அப்படித்தான் ஆகியிருக்கும்.

ஒரு மொழி பயன்படுத்தும் ஒலிகள் பெரும்பாலும் சில டஜன்தான். உலகில் ஆயிரக்கணக்கான மொழிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சொற்கள். சில இடங்களில் மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அம்மா, அப்பா விஷயம் இதிலும் கொஞ்சம் தனி. குழந்தை முதலில் எளிதாக எழுப்பும் ஒலிகள் உதட்டை மூடித் திறக்கும் 'ம', 'ப' போன்றவைதான். அந்த மழலையைப் பெற்றோர் தங்களை அழைப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதை விரிவாக விளக்கினார். கொரியக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒன்றுபோல் அழைப்பதற்குக் காரணம் இரண்டும் குழந்தைகள் என்பதுதான். மொழி உறவைக் காட்ட அந்தச் சொற்கள் உதவாது.

எப்படிச் சோதிப்பது

இனிஷியலைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் பெரும்பாலும் போதும். சொல் அந்த மொழியில் எப்போதிலிருந்து இருக்கிறது, அப்போது என்ன பொருள்? அதன் சகோதரச் சொற்கள் பக்கத்து மொழிகளில் இருக்கின்றனவா? ஒலி மாறியிருக்கிறது என்றால், அதே மாற்றம் வேறு சொற்களிலும் சீராக நடந்திருக்கிறதா? இந்த மூன்றாவதுதான் முக்கியம். சபா சபை ஆனதைக் காட்டி கதையை விளக்கினோமே, அதுதான் சீர். ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு விதியைக் கண்டுபிடித்தால் அது ஊகம்.

பழக்கத்துக்கு, அந்தக் கைப்பேசிச் செய்தியையே எடுத்துக்கொள்வோம்.

காசும் கேஷும்

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மொழிக்குள் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600இல்தான் தொடங்கியது. சென்னையில் கோட்டை கட்டியது 1640இல். வந்த காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. சகோதரச் சொற்களைத் தேடினால், பிரெஞ்சில் 'கேஸ்', இத்தாலியத்தில் 'காஸ்ஸா', இரண்டுக்கும் பெட்டி என்பது பொருள். இரண்டும் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'கப்ஸா'விலிருந்து வந்தவை. பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. கல்லாவில் எவ்வளவு சேர்ந்தது என்று நாமும் கேட்கிறோம் அல்லவா, அதுபோல. மூன்று கேள்விக்கும் விடை ஐரோப்பாவிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே இன்று கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கும் கேஷ் நம் காசு அல்ல.

அப்படியானால் அந்தச் செய்தி வெறும் பொய்யா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. ஆங்கிலத்தில் அதே எழுத்தில் இன்னொரு கேஷ் இருந்தது. அது நம் காசேதான்.

காசு தமிழில் பழைய சொல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு வருகிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்கிறோம். மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் காசு உண்டு. கடற்கரையில் வியாபாரம் செய்த போர்த்துகீசியர் இந்தச் சொல்லைக் கேட்டுத் தங்கள் மொழியில் 'கைஷா' என்று எழுதினார்கள். கைஷா என்றால் அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டி! அதுவும் அதே லத்தீன் கப்ஸாவின் பிள்ளை. காதில் விழுந்த புதுச் சொல்லுக்குக் கையில் இருந்த பழைய எழுத்தைப் போட்டுவிட்டார்கள். பிறகு வந்த ஆங்கிலேயரும் அதையே செய்தார்கள். சிறு நாணயத்தின் பெயரைத் தங்களிடம் இருந்த கேஷ் என்ற எழுத்திலேயே எழுதினார்கள். கதை, பலம் போன்ற சொற்கள் எழுத்துப் போதாமல் ஒன்றாயின. இங்கே, தெரிந்த சொல்லின் உருவம் தெரியாத சொல்லைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. பொருளும் இரண்டுக்கும் பணம் என்பதால் தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டது.

சென்னையில் கம்பெனிக் கணக்கு இந்தக் காசில்தான் ஓடியது. 80 காசு ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான் நடைமுறை. கம்பெனி 1803லும் 1808லும் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய செப்புக் காசுகளில் ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு, கீழே ஆங்கிலத்தில் '20 கேஷ்', '10 கேஷ்'. பாரசீக வரியில் 20 காசு நாலு ஃபுலூஸ் (ஒரு செப்பு நாணயத்தின் பெயர்) என்று இருக்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்திலும் பாரசீக எழுத்திலும் சுமந்த நாணயம். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடித்த அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு வெளியே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முத்துக் குளிப்பவர்களைப் போல ஆட்கள் இறங்கி அவற்றை ஏராளமாக எடுத்தார்கள். சென்னைக்கு வந்து சேராத அந்தக் காசுகள் இன்று நாணயம் சேகரிப்பவர்களிடம் சுலபமாகக் கிடைக்கின்றன.

நம் சொல் அதோடு நிற்கவில்லை. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைத்திருந்த செப்பு நாணயங்களையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனர்கள் தங்கள் நாணயத்தை அப்படிச் சொன்னதில்லை. இன்றும் நாணயவியல் நூல்களில் 'சீனக் கேஷ்' என்றால் அதுதான். ஒரு தமிழ்ச் சொல் போர்த்துகீசியரின் வாய் வழியாக, ஆங்கிலேயரின் பேனா வழியாகச் சீன நாணயத்தின் பெயராயிற்று. பெருமைப்பட வேண்டும் என்றால் இதற்குப் பட்டுக்கொள்ளலாம், இது உண்மை. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியும் இந்த நாணயக் கேஷைத்தான் காசோடு சேர்த்துப் பேசுகிறது. அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்தக் கேஷ் என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசியாக, தமிழுக்குள்ளேயே காசுக்கு ஒரு பெயரொத்தவர் இருக்கிறார். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது 'மாசறு பொன்னே' என்று தொடங்கி 'காசறு விரையே' என்கிறான். பள்ளியில் இதைப் படித்தபோது கோவலன் ஏன் காசைப் பற்றிப் பேசுகிறான் என்று நான் யோசித்ததுண்டு. வணிகன் என்பதால் இருக்கலாம் என்றும் நினைத்தேன். அங்கே காசு என்றால் குற்றம், களங்கம். குற்றமற்ற நறுமணமே என்று அழைக்கிறான். நாணயக் காசுக்கு அது வெறும் பெயரொத்தவர்தான்.